பட்டு இல்லை, பஞ்சு

கொள்ளேகால் போகிறேன் என்று கோபிசெட்டிபாளையத்தில் யாரிடம் சொன்னாலும், "யாருக்குங்க வெக்கப் போறீங்க?" என்றுதான் பதிலுக்குக் கேட்கிறார்கள். டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்காமல் கேட்டார். என் சித்தி மட்டும் கேட்கவில்லை, நேரே புத்திமதிக்கு வந்துவிட்டார். "போறதுன்னா போ சாமி. ஆனா போட்டோ கீட்டோ எதையும் அங்க குடுத்துட்டு வந்துறாத. அவனுகளுக்குப் போட்டோ ஒண்ணு கெடைச்சாப் போதும்."

அவர் அதைச் சொன்னபோது நான் பென் டிரைவில் 140 போட்டோக்களை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

என் வயதுத் தமிழர்களுக்குக் கொள்ளேகால் என்பது ஊரின் பெயர் இல்லை, மாந்திரீகத்தின் ஒரு வகை. மலையாள மாந்திரீகம் ஒன்று, கொள்ளேகால் மாந்திரீகம் இன்னொன்று. செய்வினைக் கதை எதை எடுத்தாலும் அதில் கொள்ளேகாலிலிருந்து ஒருவர் வந்து இறங்குவார். இத்தனைக்கும் 1956 நவம்பர் முதல் தேதி வரை அது எங்கள் தாலுகா! மாநிலங்களைப் பிரித்து அடுக்கியபோதுதான் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து மைசூர் பக்கம் போனது. அப்புறம் 1997ல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதற்குள் அடங்கியது. நிக்கல்சன் துரை 1887ல் எழுதிய கோயமுத்தூர் ஜில்லா மானுவலைப் புரட்டினால் தாராபுரம், பவானியோடு சரிசமமாகக் கொள்ளேகாலும் உட்கார்ந்திருக்கும். சென்னை ராஜதானிக்கு மல்பெரிப் பட்டு என்றால் ஏறக்குறைய அந்த ஒரு தாலுகாதான். அத்தனையும் மறந்துபோய் மந்திரவாதியை மட்டும் நாம் ஞாபகத்தில் வைத்துக்கொண்டோம். பின்னால் வீரப்பன் வந்தார். அவர் பிறந்த கோபிநத்தமும் அந்தத் தாலுகாவில்தான் இருந்தது. அதையும் சேர்த்துக்கொண்டோம். ஆக, கொள்ளேகாலுக்கு நம்மிடம் இருப்பது இரண்டே போட்டோ, இரண்டும் மீசை வைத்தவை.

நான் போனது பேச. அங்கே வேலை பார்க்கும் என் நண்பர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். போட்டோப் பைத்தியம் பிடித்த பத்துப் பன்னிரண்டு பேர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஒரு ஸ்டுடியோவின் மாடியில் கூடுகிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, பதிவு கிடையாது, சந்தா என்பது டீச்செலவு. ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒருவரைப் பேசக் கூப்பிடுவார்கள். பெங்களூரிலிருந்து வருவதாக இருந்தவர் வரமுடியாமல் போனதால்தான் என் முறை வந்தது என்பதை நண்பர் மறைக்கவில்லை. மறைத்திருக்கலாம்.

சத்தியமங்கலத்தில் மைசூர் பஸ் பிடித்து ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பண்ணாரி தாண்டியதும் திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. பஸ்ஸில் இருக்கும் குழந்தைகள் அதை உரக்க எண்ணிக்கொண்டே வருவார்கள், பதினைந்துக்கு மேல் எண்ணும் குழந்தைகள் குறைந்துவிடும், மீதிப் பேர் பாலிதீன் பையைத் தேடுவார்கள். மேலே ஏறி ஆசனூர் தாண்டினால் காராப்பள்ளம் சோதனைச் சாவடி. கரும்பு லாரிகளை மறித்து வழிச்சுங்கம் வசூலிக்கும் யானைகளின் இடம் அது. அன்று ஒன்றுகூட நிற்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு யானை வராது என்பது இந்தச் சாலையின் எழுதாத விதி.

1997ல் இதே காட்டு வட்டாரத்தில், பந்திப்பூர் பக்கம், மைசூர்க்காரர்களான கிருபாகர், சேனானி என்ற இரண்டு போட்டோகிராபர்களை வீரப்பன் கடத்திக்கொண்டு போனார். பெரிய அரசாங்க ஆட்கள் என்று நினைத்துவிட்டாராம். 14 நாட்கள் காட்டுக்குள் கூடவே வைத்திருந்து விட்டார். அந்த நாட்களைப் பற்றி அவர்கள் கன்னடத்தில் எழுதிய புத்தகம் ஆங்கிலத்துக்கும் போனது. செந்நாய்களைப் பற்றி அவர்கள் எடுத்த படம் பின்னால் உலக அளவில் பரிசு வாங்கியது. காட்டில் விலங்குக்காக மாதக்கணக்கில் காத்திருந்து பழகியவர்கள் என்பதால்தான் அந்த 14 நாட்களையும் அவர்களால் அத்தனை நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று எனக்குத் தோன்றும். பதறாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதானே அந்தத் தொழிலில் முக்கால்வாசி.

சாமராஜநகரில் இறங்கி வேறு பஸ் மாறினேன். சந்தேமரஹள்ளி, எளந்தூர் வழியாகக் கொள்ளேகால். வலது பக்கம் முழுக்கப் பிளிகிரிரங்கன் மலை கூடவே வருகிறது. ஆகஸ்ட் மாதம், மேகம் மலையின் இடுப்பில் வேட்டி மாதிரி சுற்றியிருந்தது. எளந்தூரில் கௌரீஸ்வரர் கோயில் முகப்பு மண்டபத்தில் கல்லிலேயே வளையம் வளையமாகக் கோத்துச் சங்கிலி செதுக்கியிருக்கிறார்கள். வளையல் மண்டபம் என்றே அதற்குப் பெயர். பஸ் நிற்கும் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு ஓடிவர முடியாது. நான் முயன்று பார்த்துப் பாதியில் திரும்பியவன்.

பிளிகிரிரங்கன் மலையில் எடுத்த படங்கள் எத்தனை எத்தனை சங்கக் கூட்டங்களில் திரையேறியிருக்கின்றன என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பெங்களூர், அமெச்சூர் போட்டோகிராபர்களுக்கு ஒரு தலைமைப் பீடம். இந்தியச் சங்கங்களையெல்லாம் ஒரே கூரைக்குள் கொண்டுவந்த கூட்டமைப்பு 1953ல் தொடங்கியபோது அதற்குத் தோள் கொடுத்தவர் பெங்களூர் டாக்டர் ஜி. தாமஸ். மருத்துவராக இருந்துகொண்டே இந்தியப் போட்டோகிராபியின் வரலாற்றையும் எழுதிவைத்தார். 1971ல் இளைஞர்கள் சேர்ந்து யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டியைத் தொடங்கினார்கள். நிருபதுங்கா சாலை இளைஞர் மையத்தில் கூடும் சங்கம் அது. டி.என்.ஏ. பெருமாள் என்ற நம் ஊர்ப் பெயர்க்காரர், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற பெரியவரிடம் கற்றுக்கொண்டு, கற்றதை ஒளிக்காமல் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தார். 2017ல் அவர் மறைந்தபோது அவரைத் தங்கள் வாத்தியார் என்று சொல்லிக்கொண்டவர்களுக்குக் கணக்கில்லை. அதே ஊரின் கே. ஜெயராம் பூச்சி, தவளைகளின் அருகே போய்ப் படுத்துப் படமெடுப்பவர். 2009ல் ஒரு தவளை இனத்துக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள். எந்தச் சங்கம் கொடுக்கும் சால்வையும் இதற்கு ஈடாகாது.

தமிழிலும் எழுதிய மா. கிருஷ்ணனை (1912-1996) விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. பல கேமராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட ஒரு பெருத்த யந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, கடைசிவரை கறுப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தவர். 1940களில் சண்டூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்தார். அந்த அரச குடும்பத்துப் பிள்ளை எம்.ஒய். கோர்படே பிற்காலத்தில் கர்நாடகத்தின் நிதி அமைச்சராகவும் ஆனார், பேர்பெற்ற வனவிலங்குப் போட்டோகிராபராகவும் ஆனார்.

இவர்களைப் போன்றவர்கள் வந்து பேசுவதற்காகத்தான் விருந்தினர் உரை என்ற ஏற்பாடே உண்டானது. நான் பார்த்த பெரும்பாலான கூட்டங்கள் வேறு மாதிரி. எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றின் ஆண்டுவிழாவில் இப்படித்தான் நடந்தது. சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். பன்னிரண்டு பாக்கெட் வைத்த சட்டை. பெயருக்குப் பின்னால் பட்டங்கள், பெயரைவிட நீளம். பொன்னாடை, நினைவுப் பரிசு, வரவேற்புரை, வாழ்த்துரை. அப்புறம் புலி. புலிக்குப் பின் புலி. குட்டியோடு புலி, தண்ணீர் குடிக்கும் புலி, தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்த புலி. எண்பது புலிகளுக்குப் பிறகு கேள்வி நேரம். முதல் கேள்வி, "சார், என்ன லென்ஸ்?" இரண்டாவது, "என்ன விலை சார்?" மூன்றாவது கேள்விக்கு வடை வந்துவிட்டது. அந்தக் கூட்டத்தில் அவருக்கு நன்றியுரை சொன்னவன் நான்தான். எனவே எனக்கும் பங்குண்டு.

ஆரம்பத்தில் இப்படி இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பம்பாயில் 1854லும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856லும் போட்டோ சங்கங்கள் தோன்றிவிட்டன. சென்னையில் கலைப்பள்ளியை நிறுவிய டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர்தான் அதற்கும் முன்னோடி. அன்றைக்குப் போட்டோ எடுப்பது பாதி ரசாயனம், பாதி மூட்டை தூக்கல். எந்தக் கரைசல் வெயிலில் கெட்டது, எந்தக் காகிதம் மழைக்காற்றில் பொரிந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் அடுத்த படம் எடுக்க முடியாது. அதே 1856ல் சென்னை ராஜதானியின் அரசாங்கப் போட்டோகிராபராகப் பதவியேற்ற லின்னேயஸ் டிரைப், மறு ஆண்டின் கடைசியில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளோடு கிளம்பித் திருவரங்கம், மதுரை, தஞ்சை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகித நெகடிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை நகர்ந்து நகர்ந்து எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டிப் பத்தொன்பது அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். 1860ல் கவர்னர் டிரெவெலியன் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று நிறுத்திவிட்டார். என் வீட்டிலும் அதே கருத்துடைய கவர்னர் ஒருவர் உண்டு.

மாலை நாலு மணிக்குக் கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் நண்பர் காத்திருந்தார். நடந்தே போனோம். மாந்திரீகத்துக்கு ஆள் தேடினால் கிடைப்பாரோ என்னவோ, பட்டுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சந்துக்குச் சந்து ஏதோ ஒரு வீட்டிலிருந்து தறிச் சத்தம். ஒரு வாசலில் சந்திரிகைகளைச் சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள். பட்டுப்புழு கூடு கட்டுவதற்காக மூங்கிலில் வட்டவட்டமாகச் சுருள் வைத்து முடைந்த பெரிய தட்டு. சாய்ந்த வெயிலில் அதன் நிழல் சுவரில் கோலம் மாதிரி விழுந்தது. நான் கேமராவை எடுப்பதற்குள் ஒரு அம்மா வந்து, போட்டோ எடுக்கப் போகிறேன் என்று தெரிந்ததும், மரியாதைக்காக எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டு வாசலைப் பெருக்கிக் கொடுத்தார்.

ஸ்டுடியோ மாடி ஒரு காலத்தில் டார்க் ரூமாகவும் ஃபுல் சைஸ் போட்டோ எடுக்கும் இடமாகவும் இருந்தது. பின் சுவரில் ஏரியும் படிக்கட்டும் மயிலும் வரைந்த பழைய திரைச்சீலை இன்னும் தொங்குகிறது. அதன்மேல் ஒரு வெள்ளை வேட்டியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் திரை. புரொஜெக்டர் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. அவரை எல்லாரும் 'மேஷ்ட்ரே' என்றார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர், மருந்துக்கடைக்காரர், கல்லூரிப் பெண்கள் இருவர், பட்டு நூற்பு வைத்திருக்கும் ஒருவர், ஒடேயார்பாளையம் திபெத்தியக் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன். ஓரத்தில், மடக்கு நாற்காலியில், ஸ்டுடியோவின் சொந்தக்காரர். எழுபது தாண்டியவர். 'யஜமானரு' என்று கூப்பிட்டார்கள். கடையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறார். கன்னடத்தில் பேசத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, பழைய கோயமுத்தூர் ஜில்லாத் தமிழுக்கு மாறினார். "நம்ம அப்பா காலத்துல பத்திரமெல்லாம் தமிழ்லயும் இருந்துச்சுங்க" என்றார்.

பொன்னாடை கிடையாது. டீயும் நிப்பட்டும் முதலிலேயே கொடுத்துவிட்டார்கள். நல்ல ஏற்பாடு. கடைசியில் கொடுத்தால் கூட்டம் அதற்காகவே உட்கார்ந்திருக்கும்.

நான் தொடங்கினேன். அறுவடை, கோபி வயல், கொக்கு, கொடிவேரி அணை, குண்டம் திருவிழா. நாற்பது படம் வரைக்கும் யாரும் அசையவில்லை. அதை ரசிப்பு என்று எடுத்துக்கொண்டேன். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது. உள்ளூர்க்காரர்களைக் குளிர்விப்பதற்கென்று ஒரு படத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன். போன வருடம் குடும்பத்தோடு வந்தபோது பரசுக்கியில் எடுத்தது. சிவனசமுத்திரத்தில் காவிரி ஒரு தீவைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து விழுகிறது. மண்டியா பக்கம் ககனசுக்கி, கொள்ளேகால் பக்கம் பரசுக்கி. ஸ்டாண்டு போட்டு, லென்ஸின் முன்னால் கறுப்பு ஃபில்டர் மாட்டி, நாலு வினாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் விழுகிற தண்ணீர் தனித்தனியாகத் தெரியாது. எல்லாம் ஒன்றாகக் குழைந்து வழவழவென்று வெள்ளைத் துணி தொங்குவது போல ஆகிவிடும். உலகம் முழுக்க அமெச்சூர்கள் அருவியை இப்படித்தான் எடுக்கிறார்கள். எனக்கு அதற்கு ஒரு போட்டியில் பரிசும் கிடைத்திருக்கிறது.

"உங்க ஊர்ப் பட்டு மாதிரியே விழுது பாருங்க" என்றேன். பாராட்டு வரும் என்று ஒரு கணம் நிறுத்தினேன்.

நூற்புக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து வேட்டியைப் பார்த்தார். கன்னடத்தில் நாலு சொல் சொன்னார். "இது ரேஷ்மெ அல்ல சார், ஹத்தி." எல்லாரும் சிரித்தார்கள். நண்பர் எனக்காக மொழிபெயர்த்தார்: "பட்டு இல்லையாம். பஞ்சாம்."

வேட்டியில் காட்டினால் பஞ்சாகத்தான் தெரியும் என்று சமாளிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. அடுத்த கால் மணி நேரம் நான் பேசவில்லை, அவர்தான் பேசினார், நண்பர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்டை வெந்நீரில் போட்டு, நுனி பிடித்து, ராட்டையில் சுற்றுகிறார்கள். ஒரு கூட்டின் இழை அறுபடாமல் சில நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை வரும். அப்போது அது பளபளக்காது. விறைப்பாக, மங்கலாக, கயிறு மாதிரி இருக்கும். புழு தன் இழையை ஒட்டுவதற்குப் போட்ட பசை அதன்மேல் இருக்கிறது. எடையில் ஏறக்குறையக் கால்வாசி அந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்துக் கழுவினால்தான் பசை கரைந்து பட்டு வெளியே வரும். கழுவின பட்டு ஏன் மின்னுகிறது? இழை உருண்டையாக இல்லை, முக்கோணமாக முனை வைத்திருக்கிறது. வெளிச்சம் அதில் பட்டுத் தெறிக்கும். சேலையை லேசாக அசைத்தால் அந்தப் பொட்டு வெளிச்சம் ஓடும், ஆனால் அழியாது. "உங்க படத்துல வெளிச்சம் எங்கயாவது நிக்குதா? எல்லாம் கரைஞ்சு போச்சே" என்று கேட்டார்.

கரைந்துதான் போயிருந்தது. நாலு வினாடியில் ஒவ்வொரு துளியின் மினுக்கும் அடுத்ததன்மேல் ஏறி அழித்துவிடுகிறது. ஏழெட்டு வருடமாக அருவிகளை இப்படி எடுத்துவருகிறேன். போட்டி நடுவர்கள் யாரும் இதைச் சொன்னதில்லை. அவர்கள் யாரும் பட்டு நூற்றதில்லை.

யஜமானரு ஓரத்திலிருந்து, "பிலிமும் அப்படித்தானுங்களே, கழுவினாத்தானே தெரியும்" என்றார். ரோல் கழுவுவது என்றுதான் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை வருடமாகிறது.

அப்போது கரண்ட் போயிற்று.

இங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் சொச்சத்தில், இதே காவிரியில், 1902ல் மைசூர் சமஸ்தானம் மின்சாரம் எடுத்தது. சிவனசமுத்திரத்திலிருந்து கோலார் தங்க வயலுக்கு ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துக் கொண்டுபோனார்கள். அந்தக் காலத்தில் உலகிலேயே பேசப்பட்ட நீளம் அது. 1905ல் பெங்களூரில் தெருவிளக்கு எரிந்ததும் இந்தத் தண்ணீரால்தான். நூற்றிருபது வருடம் கழித்து நாங்கள் அந்த ஆற்றங்கரைத் தாலுகாவில் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். இதைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தது மேஷ்ட்ரு. தேதிகளையும் அவர்தான் ஞாபகமாகச் சொன்னார்.

யாரும் செல்போன் வெளிச்சத்தைப் போடவில்லை. டார்க் ரூமாக இருந்த அறை, அதற்கு இருட்டு பழக்கம். கல்லூரிப் பெண்களில் ஒருத்திதான் கேட்டாள்: "தாத்தா, நீங்க அருவியைப் போட்டோ எடுத்திருக்கீங்களா?"

"அருவிக்கு நூறு தடவை போயிருக்கேன். அருவியை எடுத்ததில்ல" என்றார் யஜமானரு.

அவரிடம் இருந்தது யாஷிகா டபுள் லென்ஸ். 120 ரோல், ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். தண்ணீரில் போனவர்களின் உடல் ஒதுங்கினால் ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும். ஊரில் கேமரா வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர், அதில் கூப்பிட்டதும் கிளம்புகிறவர் இவர். முகம் ஒன்று, முழு உடல் ஒன்று, ஏதாவது அடையாளம் இருந்தால் அது ஒன்று. மூன்றே படம். மீதி ஒன்பதைக் கல்யாணத்தில் எடுத்து முடித்தால்தான் ரோலைக் கழுவ முடியும், ஆனால் ஸ்டேஷனுக்கு மறுநாளே பிரிண்ட் வேண்டும். எனவே ரோலை வெட்டிக் கழுவுவார். வெட்டிய மிச்சத்தில் வேறு எதையும் எடுக்க மனசு வராது என்றார்.

"அருவி பின்னாடி வந்துறக் கூடாதுங்க. வெள்ளைத் தண்ணி பின்னால இருந்தா முகம் கறுத்துப் போயிரும். வீட்டுக்காரங்க அடையாளம் சொல்லணுமில்ல. அதனால அருவியைப் பார்த்து உக்கார மாட்டேன், பொணத்துக்குப் பின்னாடி பாறை வர்ற மாதிரி சுத்தி வந்து, அருவி என் முகத்துக்கு நேரா இல்லாம, பக்கவாட்டுல..." கையால் இருட்டில் காட்டினார். எங்களுக்குத் தெரியவில்லை. ஆனால் அவர் எந்தப் பக்கம் நகர்ந்தார் என்பது நாற்காலிச் சத்தத்தில் தெரிந்தது. "சத்தம் மட்டும் எப்பவும் இந்தக் காதுல."

எக்ஸ்போஷர் பற்றி நான் கேட்ட மிகச் சரியான பாடம் அதுதான். பிரகாசமான பின்னணி முகத்தைக் கறுப்பாக்கும் என்பதை எல்லாப் புத்தகமும் சொல்கிறது. எதற்காக அந்த முகம் தெரிய வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

கரண்ட் வந்தது. வேட்டியில் என் படம் மறுபடியும் தோன்றியது, வழவழவென்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாக்கி நூறு படங்களைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. மேஷ்ட்ரு மட்டும் எழுந்து, ஷட்டர் வேகத்தை எவ்வளவு வைத்தால் பட்டு வரும் என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டார். அதில் ஒரு மணி நேரம் போனது. திபெத்தியப் பையன் முப்பதில் ஒரு வினாடி என்றான். மருந்துக்கடைக்காரர் ஐந்நூறில் ஒன்று, துளித்துளியாக நிற்கட்டும் என்றார். அப்படி வைத்தால் பட்டு இல்லை, ஜவ்வரிசி என்றார் நூற்புக்காரர். இந்த மாதிரி ஒரு விவாதத்தை எங்கள் சங்கத்தில் பத்து வருடத்தில் நான் கேட்டதில்லை. விருந்தினரை மேடையேற்றி உயரத்தில் வைத்துவிடுகிறோம். அவர் தவறு செய்த படத்தைக் காட்டச் சொல்வதில்லை. காட்டினாலும் அதைத் தவறென்று சொல்லக்கூடிய தொழில்காரர் யாரும் கூட்டத்தில் இருப்பதில்லை, நாமெல்லாரும் கேமராக்காரர்கள். நூற்புக்காரரையும் மருந்துக்கடைக்காரரையும் பிணத்தைப் படமெடுத்தவரையும் கூட்டி உட்காரவைக்காத போட்டோ சங்கம், லென்ஸ் விற்கிற கடையின் கிளை மாதிரிதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நூற்புக்காரரின் ஸ்கூட்டரில் பரசுக்கிக்குப் போனேன். வழியில் அந்தப் பழைய கல்பாலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராமசாமி முதலியார் என்ற தமிழர் முன்னின்று கட்டியது. பெயர் மட்டும் வெல்லெஸ்லி துரையுடையது. அண்மை வருட வெள்ளத்தில் ஒரு பகுதியை ஆறு கொண்டுபோய்விட்டது. மிச்சம் நிற்கும் கல்தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது.

அருவி முழுவீச்சில் இருந்தது. கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஸ்டாண்டு போட்டேன். கறுப்பு ஃபில்டரைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. பதினைந்தில் ஒன்று, முப்பதில் ஒன்று, அறுபதில் ஒன்று என்று ஒவ்வொன்றாக எடுத்து அவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சந்தையில் கூடு பார்க்கிறவர் மாதிரி ஸ்கிரீனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அறுபதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். வெயில் அப்போதுதான் பாறைமேல் ஏறியிருந்தது.

"மினுக்கு வந்திருக்கு," என்றார் தெரிந்த தமிழில். "ஆனா இன்னும் பசை போகல."

கிளம்பும் முன் ஸ்டுடியோவில் சொல்லிக்கொள்ளப் போனேன். யஜமானரு கீழே கடையில் உட்கார்ந்து, மகன் எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். என்னையும் ஸ்டூலில் உட்காரவைத்து ஒன்று எடுக்கச் சொன்னார். வந்து பேசுகிற எல்லாரையும் ஒரு படம் எடுத்துக் கண்ணாடி அலமாரியில் ஒட்டிவைப்பது வழக்கமாம். சித்தியிடம் இதைச் சொல்லவில்லை.

அடுத்த மாதங்களுக்குப் பேச அவர்களுக்கு ஆள் வேண்டும். சத்தி வழியாகப் போகிறவர்கள் திம்பத்தில் இரவு வாகனக் கட்டுப்பாடு இருப்பதால் பகலிலேயே மலையேறிவிடுங்கள். முப்பது படத்துக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். புலி வேண்டவே வேண்டாம், அவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.